வாடகைக்கு விட்ட வீடு, வாசலில் நிற்கும் உரிமையாளர்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

போன இதழில் உயில் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி உயிலைப் பற்றியதே இல்லை. ‘வீட்டை வாடகைக்கு விட்டேன், இப்போது காலி செய்யச் சொன்னால் போக மாட்டேன் என்கிறார்’ என்பதுதான் பல்லவி. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 68. திருச்சி உறையூரில் கீழ் வீட்டில் நான் இருக்கிறேன், மாடியில் ஒரு குடும்பம் 14 வருடமாகக் குடியிருக்கிறது. ஒப்பந்தம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. வாடகை 9,500 ரூபாய். எட்டு மாதமாக வரவில்லை. கேட்டால், “12 வருஷம் தாண்டியாச்சு மேடம், இனி எனக்கும் இந்த வீட்டுல பாத்தியதை இருக்கு” என்கிறார். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் இதே முகவரியில் வைத்திருக்கிறார். ஃபியூஸைப் பிடுங்கி, தண்ணீரையும் நிறுத்தினால் தானாகப் போய்விடுவார் என்கிறார் என் கொழுந்தனார். செய்யலாமா?

டீச்சரம்மா, முதலில் கொழுந்தனாரை அந்த ஃபியூஸ் கட்டையிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

12 வருடக் கதை என் மேஜைக்கு வாரம் தவறாமல் வருகிறது. அதில் உண்மை ஒரு துளிதான் இருக்கிறது. 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உங்கள் இடத்தை ஒருவர் உங்கள் உரிமையை மறுத்து, ஊரறிய, தனக்குச் சொந்தமானது போல 12 ஆண்டு வைத்துக்கொண்டிருந்து, நீங்களும் வழக்குப் போடாமல் இருந்துவிட்டால், அதை மீட்கும் உரிமை உங்களுக்குப் போய்விடும். எதிரிடை அனுபவம் என்று கோர்ட்டில் சொல்வது இதைத்தான். உங்கள் மாடிக்காரர் அப்படி வரவில்லை. உங்களிடம் சாவி வாங்கி, அட்வான்ஸ் கொடுத்து, மாதாமாதம் வாடகை கட்டி இருந்தவர். அனுமதி பெற்று உள்ளே வந்தவர் 14 வருடம் இருந்தாலும் 40 வருடம் இருந்தாலும் வாடகைதாரர்தான். நீங்கள் வீட்டை விட்ட நேரத்தில் அது உங்களுடையது இல்லை என்று வாடகைதாரர் பேசவே கூடாது என்பது 1872-ம் வருடத்து சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. ரேஷன் கார்டும் ஆதாரும் அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதற்குத்தான் அத்தாட்சி. வீடு யாருடையது என்பதை உங்கள் பத்திரமும் பட்டாவும் சொல்லும்.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது 1921-ம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். காலி மனையை வாடகைக்கு எடுத்து, அதில் தன் செலவில் கட்டடம் கட்டியவர், நிலத்தையே கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்குக் கேட்டு வாங்க அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு வழி செய்தது. பழைய ‘அடிமனை’ வாடகைக்காரர்கள் பலர் அப்படி நிலம் வாங்கியிருக்கிறார்கள். அது பழைய மனைக் குத்தகைகளுக்கான சட்டம். நீங்கள் கட்டி வாடகைக்கு விட்ட மாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது செய்ய வேண்டியது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017-ல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். உங்களிடம் ஒப்பந்தமே இல்லை. பயப்படாதீர்கள்: எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியதையே வீட்டைத் திரும்பப் பெற ஒரு காரணமாக 21-வது பிரிவு சொல்கிறது. அதே பிரிவில் வாடகை பாக்கியும் வருகிறது. மொத்தம் இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்து, கேட்டு நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் மனுப் போடலாம். உங்களுக்கு எட்டு மாதம் பாக்கி.

ஆகவே ஒரு வழக்கறிஞர் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பாக்கி எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து என்று அதில் தெளிவாக இருக்கட்டும். ஜிபேயில் வாடகை வந்திருந்தால் வங்கிக் கணக்கு விவரத்தை எத்தனை வருடத்துக்குக் கிடைக்கிறதோ அத்தனைக்கும் அச்சடித்து வாங்கிவிடுங்கள். ‘நான் வாடகைக்காரனே இல்லை’ என்று அவர் திடீரென்று சொன்னால், மாதாமாதம் அவர் போட்ட 9,500 ரூபாயே அதற்குப் பதில் சொல்லும். பிறகு வாடகை நீதிமன்றத்தில் மனு. உள்ளூர் சிவில் கோர்ட்டில் ஒரு கேவியட்டும் போட்டு வையுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் மறுநாளே ‘என்னைப் பலவந்தமாக வெளியேற்றக் கூடாது’ என்று தடையுத்தரவு கேட்டு ஓடுவது வாடகைக்காரர்கள் வழக்கமாகச் செய்வது. கேவியட் இருந்தால் உங்களைக் கேட்காமல் உத்தரவு போகாது. அதற்கு ஆயுள் 90 நாள். முடிந்தால் இன்னொன்று போட வேண்டும்.

ஃபியூஸ் விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று இதே சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. வாடகை எத்தனை மாதம் பாக்கி இருந்தாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அவர் வாடகை அதிகாரியிடம் போவார், காவல் நிலையத்துக்கும் போவார். அதுவரை எட்டு மாதம் ஏமாற்றியவராக இருந்தவர், அன்று முதல் கைக்குழந்தையோடு இருட்டில் உட்கார்ந்தவராக மாறிவிடுவார். உங்கள் வழக்கில் அவருக்குச் சாதகமாக இன்று ஒன்றுமில்லை. கொழுந்தனார் ஒன்றை உண்டாக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

காலம் ஆகும். சட்டத்தில் எழுதியிருக்கும் வேகம் வேறு, கோர்ட் வராந்தாவில் நடக்கும் வேகம் வேறு. ஆனால் வாடகை முடிந்த பிறகும் பிடிவாதமாக இருப்பவரிடம் மாத வாடகையைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு கேட்க 23-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அதையும் நோட்டீஸில் எழுதச் சொல்லுங்கள். பல மாடிக்காரர்கள் அந்த வரியைப் படித்த பிறகுதான் சமாதானத்துக்கு இறங்கி வருகிறார்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. வீடுகளைப் பராமரித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் மாதம் 18,000 ரூபாய் வாடகைக்கு ஒப்படைத்தேன். ஒன்றரை வருடம் ஒழுங்காகப் பணம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. தம்பியை அனுப்பிப் பார்த்தால், உள்ளே வேறு ஒரு குடும்பம். “நாங்க 7 லட்சம் லீஸுக்குக் கொடுத்திருக்கோம், பணம் வந்தாத்தான் காலி பண்ணுவோம்” என்கிறார்கள். அந்த ஆளின் போன் அணைந்து கிடக்கிறது.

சென்னையில் இப்போது வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு வரும் பெரிய ஆபத்து இதுதான். பூட்டை உடைத்து வீடு புகுகிறவர்கள் அபூர்வம். இந்த ஆட்கள் சிரித்த முகத்தோடு, ஒப்பந்தம் போட்டு, உங்களிடமே சாவி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு பக்கம் உங்களிடம் மாத வாடகைக்கு எடுப்பது, இன்னொரு பக்கம் அதே வீட்டை லட்சக்கணக்கில் லீஸுக்கு விடுவது. அந்த மொத்தத் தொகையிலிருந்தே உங்களுக்குச் சில மாதம் வாடகை வரும். நீங்களும் நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இருபது முப்பது வீடு சேர்ந்ததும் ஆள் காணாமல் போவார்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள்: உள்ளே இருக்கும் குடும்பமும் ஏமாந்த குடும்பம்தான். நகை விற்ற பணமாக இருக்கலாம் அந்த 7 லட்சம். அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று கத்துவதால் ஒரு பயனும் இல்லை. தம்பி மறுபடி போகட்டும், மரியாதையாகப் பேசி, அவர்கள் கையிலிருக்கும் லீஸ் பத்திரத்தின் நகலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் வாங்கட்டும். உங்கள் புகாருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அவர்களும் தனியாகப் புகார் கொடுப்பது இரண்டு தரப்புக்கும் நல்லது. மோசடி, நம்பிக்கைத் துரோகம் என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 316 பிரிவுகளில் வரும். சென்னையில் பெரிய தொகை என்றால் மத்தியக் குற்றப்பிரிவு வரை போகலாம்.

ஆனால் பரிதாபப்பட்டு அவர்களிடமிருந்து நேரடியாக வாடகை வாங்க ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு மாதம் வாங்கினாலும், அவர்களை உங்கள் வாடகைதாரராக ஏற்றுக்கொண்டீர்கள் என்று பேச இடம் உண்டாகும். அப்படி ஏற்றுக்கொள்வதுதான் உங்கள் விருப்பம் என்றால், 7 லட்சத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று தெளிவாக எழுதி, புது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்து, நீங்கள் அந்த ஆளோடு போட்ட காகிதத்தை எடுத்துப் பாருங்கள். ‘வாடகைதாரர்’ என்று இருந்தால், எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகை விட்டதே வீட்டைத் திரும்பப் பெறக் காரணம். அவரையும் குடும்பத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து மனுப் போடலாம். ‘என் சார்பில் வாடகைக்கு விட அதிகாரம் தருகிறேன்’ என்ற மாதிரி ஏதாவது வரி இருந்தால் கதை சிக்கல். அப்போது அவர் உங்கள் ஏஜென்ட் ஆகிவிடுகிறார். அவர் வாங்கிய பணத்துக்கு உங்களையும் இழுப்பார்கள். அந்தக் காகிதத்தோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பார்க்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் சிங்கப்பூரிலிருந்து வர முடியாது. தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுங்கள். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பலர் அந்த மூன்று மாதத்தைக் கோட்டைவிடுகிறார்கள். பவரில் வழக்கு நடத்த, வாடகை வசூலிக்க மட்டும் அதிகாரம் போதும். விற்கும் அதிகாரத்தைச் சொந்தத் தம்பிக்குக் கூட இதில் சேர்க்காதீர்கள். தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், பொதுவாகத்தான் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் லீஸுக்கு வீடு தேடுகிறவர்களும் இருப்பீர்கள். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் முகத்தைப் பார்க்காமல் லட்சத்தை எண்ணி வைக்காதீர்கள். வெளிநாட்டில் இருந்தால் வீடியோவிலாவது பேசுங்கள், பணத்தை அவர் கணக்குக்கே அனுப்புங்கள். போக்கியம் என்றால் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள், வில்லங்கச் சான்றில் ஏறும். பதிவெல்லாம் வேண்டாம் என்று மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் 2006-ல் ஒரு மனை வாங்கினோம். மதுரையில் இருப்பதால் போய்ப் பார்க்கவே இல்லை. இப்போது போனால் யாரோ முள்வேலி போட்டு, ஓலைக் கொட்டகையும் போட்டிருக்கிறார்கள். மூன்று வருடமாக இருக்கிறதாம். காவல் நிலையத்தில் ‘சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிட்டார்கள். 12 வருடக் கணக்கு 2006-லிருந்து ஆரம்பித்துவிட்டதா?

இல்லை. அந்த ஆள் உள்ளே வந்து, உங்களுக்கு எதிராக அனுபவிக்க ஆரம்பித்த நாளிலிருந்துதான் கணக்கு. மூன்று வருடம் என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் நிலைமையில் மனை அசையாமல் இருந்தாலும் கடிகாரம் ஓடுகிறது, அதனால் தாமதம் வேண்டாம். 2019-ல் உச்ச நீதிமன்றம் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில், 12 வருடம் முடித்த எதிரிடை அனுபவக்காரர் தானே வழக்குப் போட்டும் உரிமை கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பு அது தற்காப்பு வாதம் மட்டும்தான் என்று நாங்கள் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தோம்.

மனை வாங்கிய தேதியிலிருந்து இன்றைய தேதி வரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். லே-அவுட் போட்டவரோ, போலிப் பவர் வைத்தவரோ அதே மனையை இன்னொருவருக்கு விற்றிருந்தால் அதில் தெரியும். கொட்டகைக்காரர் கையிலும் ஒரு பத்திரம் இருந்தால் வழக்கு வேறு பாதையில் போகும். பட்டா இன்னும் லே-அவுட்காரர் பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருக்கிறதா என்று பாருங்கள். மனை வாங்கிய பலர் பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனுக் கொடுத்து, புல வரைபடப்படி உங்கள் மனை அதுதானா என்று சர்வேயரை வைத்து உறுதி செய்யுங்கள். பக்கத்து மனையைத் தன் மனை என்று சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

காவல் நிலையத்தில் ‘சிவில் மேட்டர்’ என்றால் மனு ரசீதையாவது கேட்டு வாங்குங்கள். போலிப் பத்திரம் இருந்தால் 2011-ல் தொடங்கிய நில அபகரிப்பு தடுப்புப் பிரிவுக்கு மாவட்டக் காவல் அலுவலகம் மூலம் போகலாம். கூடவே சிவில் கோர்ட்டில், மனை உங்களுடையது என்று அறிவிக்கவும் (உரிமை விளம்புகை), அதை உங்கள் கையில் ஒப்படைக்கவும் (சுவாதீனம்) கேட்டு வழக்கு. ஆள் வைத்துக் கொட்டகையைப் பிரிக்கும் யோசனை வேண்டாம். ஓரிடத்தில் ஊன்றிவிட்டவரை உண்மையான சொந்தக்காரரும் பலவந்தமாக அகற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே ராமே கவுடா வழக்கில் சொல்லியிருக்கிறது.

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பரம்பரை வீடு. 20 வருடமாகக் காவலுக்கு இருந்தவர் இறந்துவிட்டார். அவர் மகன் பின்கட்டில் குடும்பத்தோடு இருக்கிறார், போக மறுக்கிறார். பங்காளிகள் ஒன்பது பேர், ஆளுக்கு ஓர் ஊர்.

காவல்காரர், பராமரிப்பவர், வேலையாள் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த வீட்டில் உரிமை பெற முடியாது. 2012-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் இதை அழுத்தமாகச் சொன்னது. ஒன்று நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு காவல்காரர் வழக்கு. அவர் காவலுக்குத்தான் இருந்தார் என்பதைக் காட்டும் காகிதம்தான் உங்களுக்கு வேண்டும்: சம்பளம் அனுப்பிய மணியார்டர் துண்டோ, வங்கிப் பதிவோ, அவர் எழுதிய கடிதமோ. பழைய பெட்டிகளைத் தேடுங்கள்.

ஒன்பது பேரும் கையெழுத்துப் போடும் வரை காத்திருந்தால் மகனுக்குப் பேரன் பிறந்துவிடுவான். அத்துமீறி இருப்பவரை வெளியேற்ற ஒரு பங்குதாரர் எல்லோர் சார்பிலும் வழக்குப் போடலாம். மற்றவர் எதிர்க்காமல் இருந்தால் போதும். அனுமதியை ரத்து செய்வதாக முதலில் நோட்டீஸ் கொடுங்கள். அப்பா 20 வருடம் காவல் இருந்த குடும்பம் என்பதால், மாறிப்போக ஒரு தொகை கொடுத்து எழுதி வாங்கிக்கொள்வதும் கெட்ட வழி இல்லை. வழக்குச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எப்போதும் வீட்டுக்காரர்களுக்கே பதில் சொல்கிறீர்கள். கோவையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். இரண்டு மாதம் வாடகை தர முடியவில்லை. ஊருக்குப் போய் வந்தால் வேறு பூட்டுப் போட்டிருக்கிறார். சாமான், சான்றிதழ் எல்லாம் உள்ளே.

நியாயமான கோபம். உங்களிடம் பாக்கி இருப்பது உண்மைதான், ஆனால் அவர் பூட்டுப் போட்டது தவறு. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தனி நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவில் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே போகலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அதில் எழாது. அதற்கு முன்னால் இன்றே காவல் நிலையத்தில் புகாரும் வாடகை அதிகாரியிடம் மனுவும் கொடுங்கள். சான்றிதழ்கள் உள்ளே இருப்பதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பாக்கியைக் கட்டத் தயார் என்று எழுதி, முடிந்ததைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: முதல் முறையாக வீட்டை வாடகைக்கு விடப்போகிறேன். 11 மாத அக்ரிமென்ட் போட்டால் போதும் என்கிறார் புரோக்கர். போலீஸ் ஃபாரம் அவசியமா?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த பழக்கம்தான் 11 மாதம். இப்போதுள்ள சட்டத்தில் 11 மாதமாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது, பதிவானதும் ஓர் எண் தருவார்கள். புரோக்கர் ‘அதெல்லாம் யார் சார் பண்றா’ என்பார். நீங்கள் பண்ணுங்கள்.

அட்வான்ஸ் சென்னையில் பத்து மாதம் வாங்கும் வழக்கம் இருந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் என்கிறது சட்டம். உள்வாடகைக்கு விடக் கூடாது, யார் யார் குடியிருப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதை எழுதுங்கள். வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். ரொக்கமாக 5,000-க்கு மேல் வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது கொடுத்து, நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஈ.பி. இணைப்பு, சொத்து வரி இரண்டும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

போலீஸ் படிவம் கொடுத்துவிடுங்கள். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளை சந்தேக நபர்கள் வாடகை வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு சென்னையில் அது கட்டாயம் என்று பேசப்பட்டது. மற்ற ஊர்களில் உங்கள் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார் நகல் மட்டும் வாங்கி வைக்காதீர்கள், வேலை பார்க்கும் இடத்துக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள். முன்பு இருந்த வீட்டின் சொந்தக்காரரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். இப்போதைய வீட்டுக்காரர், தொல்லை விட்டால் போதும் என்று நல்லவிதமாகச் சொல்லிவிடலாம். அதற்கும் முந்தைய வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்க முடிந்தால், அவர்தான் உண்மையைச் சொல்வார்.